இரண்டிலும் செவ்வரளி

என் மேசைமேல் காகிதத்தில் மடித்த இரண்டு சிறு பொட்டலங்கள் இருக்கின்றன. நேற்று மாலை உன் மகள் கயல் கொண்டுவந்து வைத்தவை. ஒன்றில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் செவ்வரளி. "ஒன்னு எடுங்க பெரியம்மா" என்றாள். என் கை நீளவில்லை.

அவளுடைய சிக்கல் உனக்குத் தெரியாது. நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். கணினி அறிவியலில் ஆராய்ச்சியோடு கூடிய முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சேர்ந்தால் வேலையை விட வேண்டும். உன் கணவர் வேண்டாம் என்கிறார். தஞ்சாவூரில் இதே பாடத்தை இருபது ஆண்டுகளாக நடத்துகிறவள் என்பதால் என்னிடம் வந்திருந்தாள்.

நமக்கும் அப்படி ஒரு வாரம் வந்தது. ஒரே வகுப்பில் படித்த நம் இருவருக்கும் எம்.டெக். இடம் கிடைத்திருந்தது. நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போய் உன்னைப் படிக்கவைத்த உன் அப்பா, திருவையாற்றுக்குப் பக்கத்தில் உங்கள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். உன் அம்மாவுக்கு விருப்பமில்லை. பேச்சு முற்றி, கடைசியில் மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. வெள்ளை வந்தால் நீ படிக்கப் போவது, சிவப்பு வந்தால் வேலைக்கு. வீட்டு ஆட்கள் மடிக்கக் கூடாது என்று பூவையும் காகிதத்தையும் என்னிடம் கொடுத்தார்கள்.

நான் இரண்டிலும் செவ்வரளியை வைத்தேன்.

இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆகவே இது ஏமாற்று ஆகாது என்று சொல்லிக்கொண்டேன். சீக்கிரம் வேலைக்குப் போவதுதான் உனக்கு நல்லது என்றும் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. செருப்பை வெளியே விட்டு நுழைகிற நம் கம்ப்யூட்டர் லேபில் ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். நான் புரோகிராமை மனப்பாடம் செய்துகொண்டு வருவேன். நீ திரையைப் பார்த்தபடியே பிழையைப் பிடிப்பாய். நீயும் வந்தால் அங்கேயும் நான் இரண்டாவது ஆள்தான். அது எனக்குத் தாங்கவில்லை.

கும்பிட வந்திருந்த ஒரு சிறுமி ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி பிரித்தார். "ஆத்தா சொல்லிட்டா, அப்புறம் என்ன" என்று உன் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மிச்சமிருந்ததை எடுக்க நான் குனிவதற்குள், "குடு, ஆத்துல போட்டுடறேன்" என்று நீ வாங்கிக்கொண்டாய்.

நீ அதைப் பிரித்தாயா என்று நான் கேட்டதே இல்லை. ஒரத்தநாட்டில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் வேலைக்குச் சேர்ந்தாய், பிறகு அதை நீயே எடுத்து நடத்தினாய். நான் படித்தேன். அந்தப் படிப்பில் பாதி, எதற்கென்று தெரியாமல் எழுதிய தாள்கள். மீதிக்காக வருந்தவில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் மாணவிகள் வந்து "மேல படிக்கலாமா மேடம்" என்று கேட்கும்போது, யாரையும் போ என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. உன் இடத்தை நான் பறித்தேன் என்கிற எண்ணம் நடுவில் வந்து நின்றுவிடும்.

நேற்று நான் அசையாமல் இருந்ததைப் பார்த்து உன் மகள் சிரித்துவிட்டாள். "பயப்படாதீங்க பெரியம்மா. நீங்க அம்மாவுக்குக் கட்டுன மாதிரி இல்ல. இது ரெண்டும் வேற வேற பூ."

ஆற்றங்கரையிலேயே நீ பிரித்துப் பார்த்துவிட்டாய் என்று அவள்தான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் இருந்தபோது இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாயாம். புரோகிராம் ஓடினால் போதும், அது ஏன் ஓடுகிறது என்று இரண்டு வருடம் உட்கார்ந்து யோசிக்க உனக்குப் பொறுமை இல்லையாம். அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் துணிவில்லையாம். "அவ கட்டலன்னா நானே அப்படித்தான் கட்டியிருப்பேன்" என்றாயாம்.

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பிறகுதான் உன் மகளிடம் ஒழுங்காக ஒரு கேள்வி கேட்க முடிந்தது: அங்கே போய் என்ன செய்யப் போகிறாய்?

அவளுடைய நிறுவனம் நெற்பயிரின் இலையைப் படம் பிடித்தால் நோயின் பெயரைச் சொல்லும் செயலி செய்கிறது. உன் கணவரின் வயலில் தண்ணீர் தேங்கி இலை மஞ்சளானதை அது நோய் என்று சொல்லிவிட்டது. அவரும் நம்பி மருந்து அடித்துவிட்டார்.

"இன்னும் நெறைய போட்டோ குடுத்துப் பழக்குனா சரியாயிடும்ங்கறாங்க. ஆயிடும் பெரியம்மா. ஆனா ஏன் தப்பா சொல்லுச்சுன்னு ஆபீஸ்ல யாருக்கும் தெரியல. தெரியலயேன்னு கவலையும் இல்ல. எனக்குத் தூக்கம் வரல."

அந்தப் படிப்பு நல்ல வேலைக்கு உத்தரவாதம் இல்லை, முடித்து வரும்போது அவளோடு வேலையில் சேர்ந்தவர்கள் அவளுக்கு மேலதிகாரிகளாக இருப்பார்கள், வழிகாட்டி சரியில்லையென்றால் இரண்டு வருடம் வீண், எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "உங்கம்மாவுக்கு இது தேவைப்படல. உனக்குத் தேவைப்படுது. போ" என்றேன். என் வாயில் அந்தச் சொல் வந்தது இதுதான் முதல் தடவை. பொட்டலங்களைப் பிரிக்காமலே பஸ்ஸுக்குக் கிளம்பினாள். உன் கணவரிடம் நான் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

உன் வாழ்க்கையை மாற்றிவிட்டேன் என்று இத்தனை ஆண்டு நினைத்திருந்தேன். அந்த அளவுக்கு எனக்குச் சக்தி இருக்கவில்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் பொறாமை என்னுடையதுதான். அதை நீ ஆற்றங்கரையிலேயே பார்த்துவிட்டாய். பார்த்த பிறகுதான் என்னை ஹாஸ்டலில் கொண்டுபோய் விட என்னோடு ரயிலேறினாய், வழியெல்லாம் என் பெட்டியை நீயே தூக்கிக்கொண்டு வந்தாய்.