கச்சான் காற்றில் ஒன்று தசம் மூன்று ஐந்து

மச்சாள்,

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. யன்னலைத் திறந்தால் வெக்கை முகத்தில் அடிக்கிறது. இன்று கொம்பியூட்டர்ப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றித் தூசு தட்டினேன். சூடேறிய தூசின் மணம் வந்ததும், பக்கத்துக் கதிரையில் நீங்கள் காலை மடக்கிக்கொண்டு இருப்பது போலவே இருந்தது. உங்கட மனுசனையும் இப்படி ஒருக்காத் தட்டி வையுங்கோ என்று சொந்தத் தம்பியையே பகிடி பண்ணியிருப்பீர்கள்.

உங்களுக்குக் கார் ஓட்டுகிற கேம் என்றால் உயிர். நாற்பது தாண்டியும், கந்தோரில் வேலை முடிந்து வந்ததும் வராததுமாக எங்கள் வீட்டுக்கு வந்து திரைக்கு முன் இருந்துவிடுவீர்கள். அந்த மலிவுக் கொம்பியூட்டரில் கார் திக்கித் திக்கி ஓடுகிறது என்று, அதன் மெமரியை வழக்கத்தை விட வேகமாக ஓட வைக்க நீங்களாகவே படித்துக்கொண்டீர்கள். எனக்கு அது வேலையற்ற வேலையாகத்தான் பட்டது, உப்புவெளி விடுதிப் படம் என் கைக்கு வரும்வரை.

கல்யாணத்துக்கு முன் நான் கட்டடங்களுக்குப் படம் வரைகிற படவரைஞர். பிள்ளைகளோடு அது விட்டுப்போனது. உப்புவெளிக் கடலோரம் மூன்று மாடியில் விடுதி கட்டப்போகிற ஒருவர், அதற்குள் நடந்து பார்க்கிற மாதிரி அசையும் படம் செய்து தரச் சொல்லி என்னிடமும் இன்னொருவரிடமும் கேட்டார். யாருடையது திறமோ அவருக்கு விடுதியை வரைகிற வேலை, வெள்ளிக்கிழமை கடைசி. கிடைத்தால் நான் மறுபடியும் படவரைஞர். கிடைக்காவிட்டால் இனி யாரும் கேட்கப்போவதில்லை.

எங்கள் கொம்பியூட்டரில் படத்துக்கென்று தனி கார்ட் இல்லை; அந்தச் சுமையையும் மெமரிதான் சுமக்க வேண்டும். நீங்கள் அதன் வேகத்தை இன்னும் கூட்டினீர்கள். என் விடுதி அசையத் தொடங்கியது. பாதிப் படிக்கட்டில் அப்படியே நின்றுவிட்டது.

பின்னேரம் லைட் மங்கினால் “வோல்ட் காணாது, குறைஞ்சு போச்சு” என்பதுதானே எங்கள் வீடுகளில் எல்லோரும் சொல்கிற கதை. நானும் அதையே சொன்னேன். அந்த மெமரிக்கு உரியது ஒன்று தசம் இரண்டு, அதாவது 1.2 வோல்ட். வேகத்துக்காக அதை ஒன்று தசம் மூன்று ஐந்து ஆக்கியிருந்தீர்கள். என் அவசரத்தில், இன்டர்நெட்டில் எவனோ எழுதிய அளவைப் பார்த்து, அது ஒன்று தசம் நான்கு ஐந்து வரை போனது. காலையில் ஓடியது, மத்தியானம் நின்றது. இன்னும் கொஞ்சம் கூட்டுங்கோ என்றேன்.

நீங்கள் எழும்பிக் கொம்பியூட்டரை நிறுத்தி, மெமரியில் விரலை வைத்தீர்கள். வைத்த வேகத்தில் எடுத்து ஊதிவிட்டு, நோய் பிடிபட்ட வைத்தியர் போலச் சொன்னீர்கள்.

“மச்சாள், இது காணாமல் வந்த வருத்தமில்லை. கூடிப்போய் வந்த வருத்தம்.”

வோல்ட் கூடினால் சூடும் கூடும், சூடு கூடினால் மெமரி பிழை விடும் என்று விளங்கப்படுத்தினீர்கள். ஏசி அறையில் இருந்து இன்டர்நெட்டில் எழுதுகிறவனுக்கு அந்த அளவு சரி வரலாம். கச்சான் அடிக்கிற ஊரில், ஒற்றை விசிறிப் பெட்டிக்குள் ஏலாது என்றீர்கள். வோல்ட்டைப் பழையபடி ஒன்று தசம் மூன்று ஐந்துக்கு இறக்கி, வேகத்தையும் ஒரு படி குறைக்கப் போனீர்கள். நான் சண்டைக்கு வந்தேன். உங்கள் காருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு என் வேலைக்குக் குறைக்கிறீர்களோ என்று கேட்டேன். நீங்கள் கோபிக்கவில்லை.

“மத்தியான வெக்கையில ஓடினால்தான் அது ஓட்டம்” என்று சொல்லிக் குறைத்தே விட்டீர்கள்.

மறுநாள் உச்சி வெயிலில் மெமரியைச் சோதிக்கிற நிரலை ஓடவிட்டோம். முதல்நாள் பிழைகள் சிவப்புச் சிவப்பாக நிரம்பிய திரையில் ஒரு சிவப்பும் இல்லை. குசினியில் உலை பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். பசியோடு வந்த உங்கள் தம்பி எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, சோற்றுக்குப் பதில் பாண் வாங்கக் கடைக்குப் போனார். அன்று பின்னேரம் என் விடுதி வாசலில் தொடங்கி மொட்டை மாடி வரை ஒரு இடத்திலும் நிற்காமல் ஏறியது.

வேலை எனக்குத்தான் என்று தொலைபேசி வந்தபோது நீங்கள் கூவிய கூவலில் எங்கள் ஊர் ரோட்டில் ஆடுமாடு போலத் திரிகிற மான்கள் வெருண்டு ஓடின. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அவ்வளவு பெரிய சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அத்திவாரம் வெட்டியதை நீங்கள் பார்த்தீர்கள். சுவர் எழும்பியபோது நீங்கள் உயிரோடு இல்லை. அதில் எனக்கு இன்னும் கோபம், யாரோடு என்றுதான் தெரியவில்லை. ஆனால் வேலை நிற்கவில்லை, மச்சாள். நிலாவெளி தொடக்கம் வெருகல் வரை நான் வரைந்த வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அந்தக் கொம்பியூட்டரும் இன்னும் ஓடுகிறது. ஏதாவது இடறினால் கூட்டச் சொல்லிக் கை பரபரக்கும். எது கூடிப்போயிருக்கிறது என்றுதான் இப்போது முதலில் பார்க்கிறேன்.

போன கிழமை விடுதியைத் திறந்தார்கள். புதுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். வளைந்து ஏறுகிற அந்தப் படிக்கட்டில் கால் வைத்தபோது நெஞ்சு நிமிர்ந்தது. மேலே ஏறினால் கடலும் கோணமலையும் தெரிகின்றன. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து கேட்டார்.

“இதை வரைஞ்சது நீங்கள் தனியவோ?”

“இல்லை, நாங்கள் ரெண்டு பேர்” என்றேன்.

மற்றவரைத் தேடி அவர் எனக்குப் பக்கத்தில் பார்த்தார். நானும் பார்த்தேன்.