குடில் மாத்திரை

லில்லஹாமர்,
ஏப்ரல் 24

அன்புத் தங்கை தோருனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் உன்னவரும் நலம்தானே? தொலைபேசியில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து முழுவதும் படி.

ஈஸ்டருக்கு வழக்கம்போல மலைக்குடிலுக்குப் போனோம். குழாய்த் தண்ணீர் கிடையாது, கழிப்பறை வெளியே பனிக்குள். அந்த வாரம் பார்த்து மாதவிலக்கு வந்து தொலைக்கக் கூடாதே என்று இரண்டு மாதமாகக் கருத்தடை மாத்திரை போட்டேன். மீந்த அட்டையைத்தான் உனக்கு அனுப்பினேன்.

பனிச்சறுக்கில் இடது கெண்டைக்கால் வலித்தது. நம் ஆட்களுக்குக் கால் வலித்தால் காரணம் ஒன்றுதானே? "சறுக்குக் கட்டை அடியில மெழுகு சரியாப் போடல, அதான் வழுக்காம இழுக்குது" என்றார் என்னவர் ஹால்வர். "நீ வாங்குன மெழுகே தப்பு" என்று மாமனார் மகனைத் திட்டினார். அப்பாவும் பிள்ளையும் மெழுகைப் பற்றியே வாதாட, என் கால் பாட்டுக்கு வீங்கிக்கொண்டிருந்தது. மறுநாளும் சறுக்கினேன். நம் வீட்டு வீம்பு, வேறென்ன.

ஊர் திரும்பியதும் டாக்டர், மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். வருஷக்கணக்கில் சாப்பிட்டால்தான் கணக்கு என்று என் நினைப்பு. "ஏம்மா, அந்தக் குடில் மாத்திரைய விட்டுட்டியே" என்று ஹால்வர்தான் போட்டு உடைத்தார். டாக்டரம்மா முகம் மாறியது. உடனே ஸ்கேன். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. "கொஞ்ச நாள்தானேன்னு நெனைக்காதீங்க, இந்த மாத்திரைய ஆரம்பிச்ச முதல் சில மாசத்துலதான் இது அதிகமா வருது" என்றார். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாதாம். குடும்பத்தில் யாருக்காவது வந்திருந்தால் பயமாம். நீ பிறந்தபோது அம்மா கால் வீங்கிப் படுத்துக் கிடந்தாரே, அதுவும் இதேதான்.

பயப்படாதே. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறேன், வீக்கம் வடிந்துவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம் மாமனார், "மெழுகு மேல தப்பில்லப்பா" என்று சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஜூனில் படகுப் பயணத்துக்கு அந்த மாத்திரையைப் போடப்போவதாகச் சொன்னாயே, வேண்டாம். டாக்டரிடம் போய் அம்மா கதையைச் சொல், வேறு வழி கேள். வெட்கமாக இருந்தால் இந்தக் கடிதத்தையே நீட்டு. எனக்கு வந்ததைத் தாங்கிக்கொண்டேன் தோருன், என் கையால் அனுப்பியது உனக்கு ஏதாவது செய்தால் தாங்க மாட்டேன்.

படித்ததும் "போடலக்கா" என்று ஒரு வார்த்தை சொல். அதுவரை எனக்குத் தூக்கம் இல்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா,
ரன்வெய்