கயிறு பிடிக்க ஓர் ஆள்

விருத்தாசலம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பரசி அப்பாவுக்கு, ஆதிலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், அன்பரசி, அம்மா, தம்பி சேரன் எல்லோரும் நலம். நீங்களும் நலம் என்று நேற்றுக் காலைவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

போனில் பேசலாமே என்று நினைப்பீர்கள். பேசினால் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அறையில் மற்றவர்களும் இருப்பார்கள். உங்களோடு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கும் நசுருதீன் பாயின் மச்சான் வியாழக்கிழமை அங்கே வருகிறார். இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் கொடுத்துவிட்ட பொட்டலத்தோடு பாய் நேற்று மங்கலம்பேட்டையிலிருந்து வந்தார். டீ கொடுத்தேன். குடித்துக்கொண்டே, "பழமலையண்ணனுக்கு இப்ப மூச்சு வாங்குறது நின்னுடிச்சாம்மா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு நான் விடவில்லை. கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் சொல்லவைத்தேன்.

ஏர்போர்ட்டில் பம்பு பார்க்கிறேன் என்றீர்கள். தண்ணீர் பம்பு என்றுதான் நான் வேலை செய்யும் பீங்கான் பட்டறையில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். ஏர்போர்ட் கக்கூஸ் தண்ணீர், விமானத்திலிருந்து லாரியில் இறக்கும் கழிவு, துறைமுகத்தில் கப்பல்கள் குழாய் வைத்துத் தள்ளுவது எல்லாம் ஒரே கிணற்றுக்கு வந்து சேருமாம். அது அடைத்துக்கொள்ளாமல் ஓட வைப்பதுதான் உங்கள் வேலையாம். அதில் எனக்கு வெட்கம் இல்லை. சொல்லியிருந்தால் நானும் அதையே எல்லோரிடமும் சொல்லியிருப்பேன்.

அதற்குமேல் அவர் சொன்னதுதான் நீங்கள் என்னிடம் மறைத்தது. பண்டிகைக் கூட்டத்தில் கிணறு அடைத்துக்கொண்டதாம். உள்ளே விஷக்காற்று இருக்கிறதா என்று பார்க்கும் மீட்டர் வரும்வரை பொறுக்க முடியாது என்று ஃபோர்மேன் விரட்டினாராம். நேபாளத்துக்காரர் ஒருவர் இறங்கினார். சத்தமே இல்லை. அவரைத் தூக்க நீங்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினீர்கள். நீங்களும் சாய்ந்தீர்கள். மேலே கயிறு பிடித்த இரண்டு பேரில் ஒருவர் ஆள் கூப்பிட ஓடிவிட்டார். மற்றவர் பாய். தனியாக இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல், ஆட்கள் வரும்வரை பிடித்தபடி நின்றிருக்கிறார். கையை விரித்துக் காட்டினார். கயிறு ஓடிய தழும்பு உள்ளங்கையில் அப்படியே இருக்கிறது. நேபாளத்துக்காரர் பிழைக்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லி நீங்கள் பேசாமல் இருந்தீர்களே, அந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறீர்கள்.

இங்கே பட்டறையில், அவசரப்பட்டுத் திறந்தால் பொம்மை வெடித்துவிடும் என்று, சூளை ஆறும்வரை முதலாளி யாரையும் கதவைத் தொடவிடமாட்டார். மண்ணுக்கே அவ்வளவு பொறுமை காட்டுகிறார்.

பாய் இனிமேல் அந்த வேலைக்குத் திரும்பப்போவதில்லையாம். அவர் கிளம்பிப் போன பிறகுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. போன மாதம், பட்டறையில் சேரன் எவ்வளவு தூக்குகிறான் என்று கேட்டீர்கள். களிமண் மூட்டையைத் தனியாளாகப் பரண்மேல் ஏற்றுவான் என்று பெருமையடித்தேன். "என் எடையத் தூக்குவானா?" என்றீர்கள். கேலி என்று சிரித்தேன். திரும்பவும் கேட்டீர்கள். அதற்கும் சிரித்தேன். அடுத்த வாரம் அவனுக்கு விசா அனுப்பினீர்கள்.

 

கொளஞ்சியப்பர் கோயிலில், தப்பு செய்தவர் பெயரைக் காகிதத்தில் எழுதிப் பிராது கட்டிவிட்டு வா என்கிறாள் அம்மா. காகிதம் வாங்கி வந்து உட்கார்ந்தேன். யார்மேல் என்று எழுதுவது? ஃபோர்மேன் பெயர் தெரியாது. உங்கள் பெயரை எழுதக் கை வரவில்லை. அந்தக் காகிதத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சேரனிடம் எதையும் மறைக்கவில்லை. கேட்டபடியே துணியை மடித்துக்கொண்டிருந்தான். "மாமா எறங்குற அன்னிக்கு மேல நான் நிக்காம வேற எவன்க்கா நிப்பான்?" என்றான். திங்கட்கிழமை அவனுக்கு விமானம். அனுப்பினால் உங்களை இழுக்க ஓர் ஆள் கிடைப்பான், உண்மைதான். ஆனால் நீங்கள் சத்தமில்லாமல் கிடந்தால் அவன் மேலே நின்று கயிறு பிடித்துக்கொண்டிருக்க மாட்டான். நீங்கள் செய்ததையே செய்வான்.

அனுப்பாமல் வைத்துக்கொண்டால், கயிறு பிடிக்க ஆளில்லை என்று நீங்கள் இறங்காமல் இருப்பீர்களா? இதைப் பாயிடம் போன் போட்டுக் கேட்டேன். "மச்சான் வியாழக்கெழம போறான், அண்ணன்கிட்டயே எழுதிக் கேளும்மா" என்றார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னிடம் பொய் சொல்ல உங்களுக்கு வருகிறது. அன்பரசியிடம் இதுவரை சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிடுங்கள். மீட்டர் வைத்துப் பார்க்காமல், யார் விரட்டினாலும் இறங்கமாட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள். சொல்ல வாய் வரவில்லை என்றால், வேலையை விட்டு வந்துவிடுங்கள். இருப்பதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் அவளிடம் பேசும்வரை சேரனின் பெட்டியை நான் பூட்டப்போவதில்லை.

கொளஞ்சியப்பர் துணையிருக்கட்டும். மேலேயே நில்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குரலுக்குக் காத்திருக்கும்
ஆதிலட்சுமி