தெரிவிக்க வேண்டியவர்

மல்லேஸ்வரம்,
8-6-1956

க்ஷயரோக ஆராய்ச்சிச் சங்கத்தின் காரியதரிசி அவர்களுக்கு,

நமஸ்காரம். நான் அட்டாரா கச்சேரி சர்க்கார் ஆபீசில் சூபரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது வருஷம் இங்கிலீஷில் குறிப்பு எழுதி அலுத்துவிட்டதால் தமிழில் எழுதுகிறேன். தங்கள் சங்கத்துக்கு ஏதாவது கொடுக்க விருப்பம். பென்ஷன்காரன், பெரிதாக எதுவும் இயலாது. என்னென்ன விதமாகக் கொடுக்கலாம் என்று தெரிவித்தால் உபகாரமாக இருக்கும். என் மனைவி சுப்புலக்ஷ்மி நாலு வருஷத்துக்கு முன் ஜுரத்தில் தவறிவிட்டாள். அவள் பெயரில் கொடுக்க இடமுண்டா?

இப்படிக்கு,
கே. சுந்தரேசன்


பெங்களூர் கன்டோன்மென்ட்,
15-6-1956

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த ஆபீசில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் தங்கள் கடிதத்தைக் காரியதரிசி என் மேஜைக்குத் தள்ளிவிட்டார்.

கொடுக்கப் பல வழிகள் உண்டு. மாதச் சந்தா கட்டலாம். ஆயுள் அங்கத்தினராகலாம். உயிலில் எழுதி வைக்கலாம். கழுவிய மருந்துப் புட்டிகளையும், ஆராய்ச்சிக்கூடத்து முயல்களுக்குக் கீரையையும்கூட வாங்கிக்கொள்கிறோம். இவற்றுக்கெல்லாம் அச்சடித்த ரசீது வரும். இறந்தவர் நினைவாகக் கொடுத்தால் மட்டும் வேறு முறை. அதற்கென்று நிரப்பும் அச்சுப் பாரத்தின் கடைசிக் கட்டத்தில் 'தெரிவிக்க வேண்டியவர்' என்று யார் பெயரை எழுதுகிறீர்களோ அவருக்கு நாங்கள் கையால் ஒரு ஆறுதல் கடிதம் எழுதுவோம். சங்கத்தை ஆரம்பித்தவர்கள் வைத்த வழக்கம் அது. பாரம் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஜோசஃபின்,
குமாஸ்தா


மல்லேஸ்வரம்,
2-7-1956

மிஸ் ஜோசஃபின் அவர்களுக்கு,

க்ஷேமம். சுப்புலக்ஷ்மிக்காக நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. 'அவர் நடமாடிய வீட்டில் இப்போது சமையலறைதான் அதிக அமைதியாக இருக்கும்' என்று எழுதியிருந்தீர்கள். உண்மை. இதை என்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. நாலு தடவை படித்தேன்.

யோசித்துப் பார்த்ததில், என்னோடு வேலை பார்த்த ஆதிகேசவன் நினைவாகவும் யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று தோன்றியது. இரண்டு ரூபாய் மணியார்டர் செய்திருக்கிறேன். இன்னும் ஐந்தாறு பாரம் அனுப்பி வையுங்கள்.

உங்கள் பாரத்தில் 'வியாதி' என்றொரு கட்டம் இருக்கிறதே, அது அனாவசியம். கச்சேரியில் என் மேஜைக்கு வந்திருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன். நான் அதைக் காலியாகவே விடுகிறேன்.

தங்கள்,
கே. சுந்தரேசன்


பெங்களூர் கன்டோன்மென்ட்,
20-11-1956

மதிப்பிற்குரிய ஐயா,

நலம்தானே? ஐந்து மாதத்தில் பதினோரு பேர் நினைவாக அனுப்பிவிட்டீர்கள். நண்பர், கன்னடப் பண்டிதர், தயிர்க்காரி என்று வந்து, போன வாரம் ஜட்காக்காரர் ஜெயராமனின் குதிரை. குதிரை கூடாது என்று விதியில் இல்லாததால் அதற்கும் எழுதிவிட்டேன். காரியதரிசி என்னை முறைத்தார்.

அவர் ஒன்று கேட்கச் சொன்னார். பதினோரு பாரத்திலும் 'தெரிவிக்க வேண்டியவர்' நீங்களேதான். தயிர்க்காரிக்குப் பிள்ளைகுட்டி இல்லையா? உங்கள் மனைவிக்குக்கூட வேறு யாரும் இல்லையா?

எனக்குக் காரணம் புரிகிறது என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு எழுதுவதில் எனக்குச் சிரமம் ஒன்றுமில்லை. அம்மா போன பிறகு ஜீவனஹள்ளி வீட்டில் நானும் தனியாகத்தான் இருக்கிறேன். சாயங்காலம் பூட்டைத் திறக்கும்போது உங்கள் ஞாபகம் வருகிறது.

தங்கள்,
ஜோசஃபின்


மல்லேஸ்வரம்,
3-12-1956

அன்புள்ள ஜோசஃபின்,

பிடிபட்டுவிட்டேன். உன் கடிதத்துக்காகத்தான் செத்துப்போனவர்களைத் தேடிப் பிடித்தேன். வெட்கமாக இருக்கிறது. உன்னை நீ என்று எழுதிவிட்டேன், அதையும் பொறுத்துக்கொள்.

சுப்புலக்ஷ்மிக்கு ஒரு பிள்ளை உண்டு. ஸ்ரீகண்டன், பம்பாயில் இருக்கிறான். அவளுக்கு வந்தது வெறும் ஜுரம் அல்ல, க்ஷயம். தெருவில் தெரிந்தால் ஒருவரும் வாசல்படி ஏறமாட்டார்கள் என்று பயந்து, ஆஸ்த்மா என்று சொல்லி உள்ளறையிலேயே வைத்திருந்தேன். "ஆஸ்பத்திரில சேத்துடுங்கோப்பா, மானம் போனா போறது, அம்மா இருப்பா" என்று கெஞ்சினான். முற்றிய பிறகு சேர்த்தபோது டாக்டர் என்னைத்தான் திட்டினார். பதிமூன்றாம் நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு போனவன் அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை. என் கடிதங்கள் பிரிக்காமலே திரும்பி வருகின்றன.

இத்துடன் கடைசிப் பாரம். நினைவாக: கே. சுந்தரேசன். தெரிவிக்க வேண்டியவர்: ஸ்ரீகண்டன். சங்கத்தின் கவர் என்றால் பிரிப்பான். அப்போதாவது வருகிறானா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உன்,
சுந்தரேசன்


ஜீவனஹள்ளி,
10-12-1956

அன்புள்ள ஐயா,

இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன். பாரத்தைத் திருப்பி அனுப்புகிறேன். உயிரோடு இருப்பவருக்கு ஆறுதல் கடிதம் எழுத விதி இடம் தராது. விதி இடம் தந்தாலும் நான் எழுதமாட்டேன். அம்மாவை ஒரு பொய்யால் இழந்ததாக நினைக்கும் பிள்ளைக்கு அப்பாவைப் பற்றியும் ஒரு பொய்யா? படித்ததும் எனக்குக் கோபமாக வந்தது. பிறகு அழுதேன்.

ஒன்று செய்யுங்கள். உங்கள் மனைவி பெயரில் புதுப் பாரம் நிரப்புங்கள். காலியாக விட்ட கட்டத்தில் வியாதியின் பெயரை உங்கள் கையாலேயே எழுதுங்கள். கடைசிக் கட்டத்தில் மகன் பெயர். என் கடிதத்தோடு அந்தப் பாரத்தையும் வைத்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புகிறேன். அவர் வருவார் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் இப்போது எதையும் ஒளிக்கவில்லை என்பதாவது அவருக்குத் தெரியட்டும்.

அன்புடன்,
ஜோசஃபின்


மல்லேஸ்வரம்,
18-3-1957

அன்புள்ள ஜோசஃபின்,

ஆசீர்வாதம். நீ அனுப்பிய ஒப்புகைச் சீட்டில் அவன் கையெழுத்து இருந்தது. அதைச் சுப்புலக்ஷ்மியின் படச்சட்டத்தில் செருகி வைத்திருக்கிறேன். மூன்று மாதமாயிற்று. வேறு எதுவும் வரவில்லை. வராது என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் தினம் தபால்காரன் வரும் பதினொரு மணிக்குப் போய் வாசலில் நிற்கிறேன்.

நேற்று பக்கத்து வீட்டுச் சந்திரம்மா, யாருக்காக நிற்கிறேன் என்று கேட்டாள். பாரத்தில் எழுதிவிட்ட தைரியத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், வியாதியின் பெயர் உட்பட. அவள் நகர்ந்து போகவில்லை. "அது நமக்கு அப்பவே கொத்து, தெரியும் ஸ்வாமி. ராத்திரியெல்லாம் அந்தம்மா இருமுறது கேக்குமே. நீங்க சொல்லலை, நாங்க கேக்கலை" என்றாள். தெருவுக்கே தெரிந்திருக்கிறது, ஜோசஃபின். நான் யாரிடமிருந்து அவளை ஒளித்துவைத்தேன்?

இனிச் செத்தவர்களைத் தேடமாட்டேன். கொல்லையில் கீரை நிறைய வளர்கிறது. சனிக்கிழமைதோறும் முயல்களுக்கு நானே கொண்டுவருகிறேன். அதற்கு அச்சடித்த ரசீதே போதும்.

ஒரே ஒரு பாரத்தை மட்டும் நிரப்பி, இரண்டு ரூபாயோடு சந்திரம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். என் பெயர்தான். தேதி போடவில்லை. அந்த நாள் வரும்போது அவள் தேதி போட்டு உனக்கு அனுப்புவாள். இதற்கு விதி இடம் தரும்.

'தெரிவிக்க வேண்டியவர்' என்ற கட்டத்தில் ஜோசஃபின், ஜீவனஹள்ளி என்று எழுதியிருக்கிறேன். உன்னைக் கேட்காமல் எழுதியது தப்புதான். கடிதத்தை நீயே உனக்கு எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும். வழக்கப்படி, கையால் எழுது.

உன்,
சுந்தரேசன்