ஏழு மணி எட்டு நிமிடம்

9.2.2025, ஞாயிறு

செல்விக்கு இன்று லீவு. காலை ஏழு மணிக்கே எழுப்பிவிட்டேன். எதிர்வீட்டு இசக்கியம்மாளுக்குப் பிரஷர் பார்த்துத் தருவதாக நேற்றே வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் வந்தார், அவருடைய நாத்தனாரும் வந்தார், பால் ஊற்ற வந்தவர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார். மிஷின் நான் வாங்கியதுதான். நர்ஸ் வீட்டில் ஒரு பிரஷர் மிஷின்கூட இல்லாமலா?

பிள்ளை கொட்டாவி விட்டுக்கொண்டே எல்லாருக்கும் பார்த்தது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். வாரத்தில் ஆறு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வருகிறாள்.

"அப்பா, வாராவாரம் கேம்ப் நடத்துறதா இருந்தா வாசல்ல போர்டு மாட்டிருங்க" என்றாள்.

மாட்டத்தான் ஆசை. நடத்துபவர் படிப்பையும் போட வேண்டி வருமே. 'மாரிசாமி, பத்தாம் வகுப்பு, இரண்டு தடவை' என்றா போடுவது?

18.2.2025, செவ்வாய்

மில் விட்டு வந்து சோணைமுத்து அண்ணாச்சியோடு டீக்கடையில் நின்றேன். மில்லில் அவர்தான் எங்கள் பகுதிக்கு மேஸ்திரி. புதிதாகச் சுகர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று மறந்துவிட்டதாம்.

"எம் மக இருக்கும்போது நீங்க எதுக்கு யோசிக்கிய?" என்று உடனே போன் போட்டேன். எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை.

அண்ணாச்சி ஒரு மாதிரி சிரித்தார். "ஏலே, நர்ஸம்மா பெரிய எடம்லா. ஒம் போனையெல்லாம் எடுக்குமா?"

மூன்றாவது தடவை எடுத்துவிட்டாள். "என்னப்பா, அம்மாவுக்கு எதுவும் ஆயிருச்சா?" என்றாள். அதெல்லாம் இல்லை என்று சொல்லி மாத்திரைப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன். "சாப்புடுறதுக்கு முந்தி. வைக்கேன்" என்று வைத்துவிட்டாள்.

அண்ணாச்சி என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். பதினெட்டு வருடப் பழக்கத்தில் முதல் தடவை.

19.2.2025, புதன்

செல்வி நேற்று வீட்டுக்கு வரவில்லை. டபுள் டூட்டி என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு இன்று காலையில்தான் வந்தாள். சாப்பிடவில்லை. யாராவது திட்டியிருப்பார்கள். அவளுக்கும் ஒரு மேஸ்திரி இருப்பார் போல.

20.2.2025, வியாழன்

ஜெயசித்ரா அடுப்படியில் வைத்து மெதுவாகச் சொன்னாள். மகள் அவளிடம்தான் சொல்லியிருக்கிறாள். மனைவிக்குத் தெரிந்த பிறகுதான் எனக்கு எதுவும் தெரியும்; இந்த வீட்டுச் சட்டம் அது.

பெண்கள் வார்டில் இரண்டு ஆண்டாள். அந்த ஊரில் ஒரு வார்டில் இரண்டு ஆண்டாள் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஏழாம் கட்டிலில் வத்திராயிருப்பு ஆண்டாள், சுகர்காரர். பதினோராம் கட்டிலில் மம்சாபுரம் ஆண்டாள், காய்ச்சலுக்கு வந்தவர், சுகரே கிடையாது. சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டிய இன்சுலினை எடுத்துக்கொண்டு போன செல்வி, பதினோராம் கட்டில் பக்கத்தில் நின்று "ஆண்டாளம்மாதானே?" என்று கேட்டிருக்கிறாள். அவர் "ஆமா தாயி" என்று கையை நீட்டிவிட்டார்.

பெயரோடு வீட்டுக்காரர் பெயரையும் கேட்க வேண்டுமாம். கையில் கட்டியிருக்கும் நம்பரையும் பார்க்க வேண்டுமாம். தினமும் பார்க்கிறவள்தான். அன்றைக்குப் பார்க்கவில்லை.

பத்து நிமிடம் கழித்து ஏழாம் கட்டில்காரர், "எனக்கு ஊசி போடலையேம்மா, சாப்புடவா?" என்று கேட்டபோதுதான் விளங்கியிருக்கிறது. உடனே டாக்டரிடம் ஓடியிருக்கிறாள். மற்ற ஆண்டாளுக்கு குளுக்கோஸ் ஏற்றி, விரலைக் குத்திக் குத்திச் சுகர் பார்த்திருக்கிறார்கள். டூட்டி முடிந்தும் செல்வி அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லையாம். அதுதான் டபுள் டூட்டி. அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் இட்லி கேட்டாராம்.

"இது எப்ப நடந்துச்சு?" என்றேன்.

"செவ்வாக்கெழம. சாயந்தரம் ஏழு, ஏழே காலு இருக்கும்னா."

போனை எடுத்துப் பார்த்தேன். செவ்வாய். 7.04. 7.06. 7.08.

ஜெயசித்ராவிடம் காட்டவில்லை. சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "கொழம்பு நல்லா இருக்கு" என்றேன். அவள் இன்னும் குழம்பே வைக்கவில்லை.

21.2.2025, வெள்ளி

எப்படி நடந்தது என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார், நர்சிங் சூப்பிரண்டு கிருபாபாய். நாளைக்குக் கொடுக்க வேண்டும். ஒரு வருடம் முடிந்தால்தான் செல்விக்கு வேலை நிரந்தரம். அதற்குள் பெயர் கெட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். 'பணி நேரத்தில் செல்போனில் பேசியதால் என் கவனம்' என்பது வரை வந்திருந்தது.

"ஏட்டி, போனைப் பத்தி எதுக்கு எழுதுத? டூட்டில போன் எடுக்கக் கூடாதுன்னு அங்க ஆர்டர் இருக்குல்லா. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு, மாறிப்போச்சு. அம்புட்டுதான். அது பொய்யும் இல்ல."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். யார் போன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்த ஒன்றை நடுவீட்டில் போட்டுவிட்டு இரண்டு பேரும் தாண்டித் தாண்டிப் போகிறோம்.

தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினாள்.

அவள் வேலைக்காகத்தான் சொன்னேன். அவள் வேலைக்காகத்தானா?

22.2.2025, சனி

லெட்டரைக் கொடுத்துவிட்டாளாம்.

24.2.2025, திங்கள்

இன்று கிருபாபாய் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். லெட்டரைப் படித்துவிட்டு, "வேற ஒண்ணும் இல்லையாம்மா?" என்றாராம். இவள் "இல்ல சிஸ்டர்" என்றாளாம்.

"ஊசிய மாத்திப் போட்டது தப்புப்பா. அத நான் அப்பவே ஓடிப்போய்ச் சொல்லிட்டேன். இது அப்படி இல்ல. இது யோசிச்சு சொன்ன பொய்."

சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு சொல்லித் தப்பித்திருப்பேன்.

இந்த வித்தையை நான் எங்கே படித்தேன் என்று எனக்குத் தெரியும். 2001. மில்லில் நாற்பதாம் நம்பர் நூலைச் சுற்றப் பச்சை பாபின், அறுபதாம் நம்பருக்குச் சிவப்பு. கலக்கக் கூடாது என்றுதான் கலரே வைத்திருக்கிறது. பராக்குப் பார்த்துக்கொண்டு கலந்துவிட்டேன். நூல் போன இடத்திலிருந்து திரும்பி வந்தது. பக்கத்து மிஷின்காரன் சமுத்திரத்தை ஒரு வாரம் சஸ்பெண்டு செய்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு வாரமும் அவன் வீட்டுக்குப் போய் ஆறுதல் சொன்னேன். "ஒன்னைய மாதிரி ஒருத்தன் போதும்லே" என்று அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். பொறவு திருப்பூர் போய்விட்டான். இதை எழுதும்போதுகூட ஜெயசித்ரா வருகிறாளா என்று பார்த்துக்கொள்கிறேன்.

26.2.2025, புதன்

சிவராத்திரி. குலசாமி கோவிலுக்குப் போனோம். சொந்தக்காரர்கள் செல்வியைப் பார்த்து "வாங்க நர்ஸம்மா" என்றார்கள். போன மாதம் என்றால் அவர்களுக்கு முந்தி நானே சொல்லியிருப்பேன். இன்று அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். நன்றாக எரிகிற அடுப்பு.

27.2.2025, வியாழன்

அரை நாள் லீவு போட்டுவிட்டு, வீட்டில் சொல்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டேன்.

கிருபாபாய்க்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். சின்ன உருவம். டப்பாவைப் பார்த்து, "என்ன இது?" என்றார்.

"பால்கோவாம்மா."

"நான் பொறந்ததே இந்த ஊருதான்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கே பால்கோவா கொண்டுபோன ஆள் விருதுநகர் ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"உங்க பொண்ணு காலையிலயே வந்து சொல்லிட்டா. டூட்டில போன் பேசினேன், லெட்டர்ல மறைச்சிட்டேன், திங்கக்கெழம நீங்க கேட்டப்பவும் பொய் சொன்னேன்னு. யார் போன்னு கேட்டேன். 'எடுத்தது நான்தானே சிஸ்டர்'னு சொல்லிட்டா."

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நீங்க ஏதோ சொல்லணும்னு வந்திருக்கீங்க போல?"

அதற்குத்தானே போனேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். நான்தாம்மா போட்டேன், மூணு தடவை போட்டேன், மேஸ்திரி முன்னால பெருமைக்குப் போட்டேன்.

"பிள்ள நல்ல பிள்ளைம்மா. பாத்துக்கிடுங்க" என்றேன்.

கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். டப்பாவையும் தூக்கிக்கொண்டு.

3.3.2025, திங்கள்

ஆர்டர் வந்துவிட்டது. ஒரு மாதம் தனியாக ஊசி, மருந்து எதுவும் கொடுக்கக் கூடாது. சீனியர் நர்ஸ் கூட நிற்க வேண்டும். வேலை நிரந்தரம் ஆவது மூன்று மாதம் தள்ளி. வீட்டுக்கு அனுப்பவில்லை. ஜெயசித்ரா சாமி படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள்.

செல்வி செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களாமே. சிஸ்டர் சொன்னாங்க."

"ம்."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"சரிப்பா" என்றாள்.

அந்தச் 'சரிப்பா'வுக்குப் பதில் நாலு ஏச்சு ஏசியிருக்கலாம்.

16.3.2025, ஞாயிறு

இசக்கியம்மாள் பிரஷர் பார்க்க வந்தார். பிள்ளை தூங்குகிறது, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள் என்றேன். "என்ன, நர்ஸம்மாவுக்குப் பெரும வந்திருச்சோ?" என்றார். "அவளுக்கு இல்லக்கா. அது எனக்கு வந்த சீக்கு" என்றேன். புரியாமல் போய்விட்டார்.

9.8.2025, சனி

ஐந்து மாதமாக இதில் எழுதவில்லை. எழுதும்படி நான் ஒன்றும் செய்யவில்லை.

செல்வி வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. திங்கட்கிழமை புதிதாக எட்டுப் பேர் சேருகிறார்கள். அவர்கள் முன்னால், போன வருடம் சேர்ந்தவர்கள் ஆளுக்கு ஐந்து நிமிடம் தங்கள் முதல் வருடத்தைப் பற்றிப் பேச வேண்டுமாம். செல்வி அந்த ஆண்டாள் விஷயத்தையே எடுத்துக்கொண்டாள். "வேற எதாவது பேசேம்மா" என்று கிருபாபாயே சொன்னாராம். இவள்தான் கேட்கவில்லை.

சாயந்தரம் எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டினாள். மற்ற நேரமெல்லாம் அம்மாவுக்குத்தான் வாசிப்பாள்.

'நான் நோயாளிக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து மூன்று முறை போன் வந்தது. அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து எடுத்தேன். அவசரம் ஒன்றும் இல்லை.'

அங்கே நிறுத்தினாள். "வீட்டிலருந்துன்னா போதும்லப்பா? யாருன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

ஜெயசித்ரா அடுப்படியிலிருந்து வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். அவளுக்கு இன்னும் தெரியாது என்றுதான் இத்தனை மாதமும் நினைத்திருந்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

"பேனாவக் குடு" என்றேன்.

'வீட்டிலிருந்து' என்பதை அடித்துவிட்டு, மேலே 'என் அப்பா மாரிசாமியிடமிருந்து' என்று எழுதினேன். 'மேஸ்திரி முன்னால் பெருமை அடித்துக்கொள்வதற்காக' என்று எழுத இடம் பற்றவில்லை. ஓரத்தில் தாளைத் திருப்பி எழுதினேன். 'லெட்டரில் இதை மறைக்கச் சொன்னதும் அவரே' என்று அதற்குக் கீழே எழுதினேன்.

செல்வி வாங்கிப் பார்த்தாள். "இத நான் எப்படிப்பா அத்தன பேரு முன்னால வாசிப்பேன்?"

"எழுதியிருக்கத வாசி."

தாளை மடியில் வைத்து நீவிவிட்டாள். பிறகு முதலிலிருந்து மறுபடி வாசித்தாள். என் பெயர் வந்த இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனால் ஓரத்தில் இருந்ததையும் ஒரு சொல் விடாமல் வாசித்தாள்.