வெண்கல முழங்கால்

டாரன்ஸ், அலபாமா
அக்டோபர் 14, புதன்

அன்புள்ள மகன் ராய்ஸுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் மாத்திரைகளின் தயவில் நலம். அங்கே அலாஸ்கா குளிரில் உன் நலமும், குறிப்பாக உன் முழங்காலின் நலமும் அறிய ஆவல். பின்கட்டு பிக்கான் கொட்டை மரம் இந்த வருடம் வஞ்சகமில்லாமல் கொட்டிக்கொண்டிருக்கிறது, அம்மா பொறுக்கி உடைத்து உனக்கென்று ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். நீ விட்டுப்போன சாம்பல் நிறக் கோட்டை எடுத்து வெயிலில் போட்டு, கையில் பூச்சி அரித்த இடத்தைத் தைத்தும் விட்டாள். ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் பேசியதிலிருந்து அவள் பாடிக்கொண்டே சமைக்கிறாள், அதனால்தான் அவளிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை. முதலில் உனக்கு எழுதுகிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு நீ என்னிடம், "அப்பா, உங்க கணக்குல நான்தானே முதல்?" என்று கேட்டாய், நான் லைன் சரியில்லை என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், எங்காவது குழப்பினால் பொறுத்துக்கொள். கல்லூரி மைதானத்தின் வாசலில், நம் மியூல்ஸ் கால்பந்து அணியில் பந்தெறிந்து ஆட்டத்தை நடத்திய குவார்ட்டர்பேக்குகளில் மிகச்சிறந்த ஒருவருக்கு வெண்கலச் சிலை வைப்பது என்று திங்கட்கிழமைதோறும் கூடும் மதியச் சாப்பாட்டுச் சங்கத்தார் சில மாதங்களுக்கு முன் முடிவு செய்தார்கள். இறந்துபோன பழைய லெராய் டக்கெட், நீ, ட்ரூயிட் மாபின், இந்த மூவரில் யார் என்று ஒரே சண்டை. சங்கத் தலைவர் இப்போது பல் டாக்டர் ஹார்லன் டட்டில். அவர் வீட்டுக்கே வந்து, "வாத்தியாரே, நாங்க கத்திக்கிட்டே கெடக்கோம், ஒண்ணும் முடிவாகல. நீங்க வந்து கணக்குப் போட்டுச் சொல்லுங்க, பையன்னு பாக்காம சொல்லுவீங்கன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்கு நான் மயங்கியிருக்கக்கூடாது. போனேன். அங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் பள்ளிக்கூடத்தில் என்னிடம் கணக்கில் தோற்றவர்கள். அந்தச் சங்கத்து வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான், பேசுகிறவர் பேச்சு பிடிக்காவிட்டால் தட்டிலிருக்கும் ரொட்டி உருண்டையை அவரை நோக்கி எறிவார்கள், அவர் அதைப் பிடித்துவிட்டால் கைதட்டல், தவறவிட்டால் அணியின் பெயருக்கேற்பக் கூடமே கோவேறு கழுதைபோல் கனைக்கும். நான் வாழ்நாளில் எதையும் பிடித்தவன் இல்லை.

நான் சொன்னது இதுதான். எத்தனை கெஜம் எறிந்தான், எத்தனை புள்ளி எடுத்தான் என்று மட்டும் பார்த்தால் ராய்ஸுக்குப் பக்கத்தில் யாரும் வரமுடியாது, கல்லூரியில் எறிதல் பற்றிய எல்லாச் சாதனையும் இன்னும் அவன் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் கேள்வி யார் நன்றாக எறிந்தார் என்பது அல்ல, அணிக்கு யாரால் அதிக மதிப்பு என்பது. ஒன்றின் மதிப்பை அறிய அதை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும், வகுப்பில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். டக்கெட்டை எடுத்துப் பார்க்க வழியில்லை, நான்கு வருடத்தில் ஒரு ஆட்டத்துக்குக்கூட அவர் வராமல் இருந்ததில்லை, எனவே அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை என்றேன். "செத்தவன் விழாவுக்கு நன்கொடை டிக்கெட் வாங்கமாட்டான், அவன விட்டுட்டு மேல போங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். டக்கெட்டின் தம்பி அதே மேசையில் உட்கார்ந்து மீன் தின்றுகொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. அடுத்தது நீ. உன்னை எடுத்துப் பார்க்க வழியுண்டு, ஏனென்றால் உன் கடைசி வருடம் பாதியில் உன் முழங்கால் போனது. அதுவரை ஆடிய ஐந்தில் மூன்று தோல்வி. பிறகு பெஞ்சிலிருந்து மாபின் எழுந்து வந்தான், மிச்சம் ஆறிலும் வெற்றி, கோப்பையும் வந்தது. இந்த இடத்தில் நான் மூச்சு விட நிறுத்தினேன். அங்கே நிறுத்தியிருக்கக்கூடாது. நான் குறிப்பெழுதிக் கொண்டுபோன அட்டைகளில் அடுத்ததில், பிற்பாதியில் வந்த எதிரணிகள் எல்லாம் சோப்ளாங்கிகள் என்றும், காயம்பட்டிருந்த நம் தடுப்பாட்டக்காரர் இருவர் அதே வாரம்தான் திரும்பி வந்தார்கள் என்றும், இரண்டையும் கழிக்காமல் முடிவு சொல்வது தவறு என்றும் எழுதியிருந்தேன். அதற்குள் ஹார்லன் எழுந்து மேசையைத் தட்டி, "அப்போ நம்ம ஊருக்குக் கோப்பை வாங்கிக் குடுத்தது ராய்ஸும் இல்ல, மாபினும் இல்ல. அந்த முட்டிதான்! உடைஞ்சுது பாரு, அதான்யா அணியிலேயே மதிப்பான ஆட்டக்காரன், எம்விபி! முட்டிக்கு வைங்கடா சிலைய!" என்றார். யாரோ எறிந்த ரொட்டி என் கண்ணாடியில் பட்டு அட்டைகள் கீழே சிதறின. கூடம் முழுக்க கனைத்தது. நான் குனிந்து அட்டைகளைப் பொறுக்கி நிமிர்வதற்குள் கையைத் தூக்கச் சொல்லி மாபினுக்குச் சிலை என்று முடித்துவிட்டார்கள். பொறுக்கிய அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். யாராவது கேட்டால் படிக்கலாம் என்று வாசலில் கொஞ்சம் நின்றேன், யாரும் கேட்கவில்லை.

முட்டிப் பேச்சு அன்றோடு போயிற்று என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது, ஹார்லன் உன்னைக் கூப்பிட்டு, பழைய மாணவர் திரும்பி வரும் ஆட்டத்தன்று இடைவேளையில் மைதான நடுவில் உனக்கு ஒரு மரியாதை இருக்கிறது, என்னவென்று சொல்லமாட்டேன், கட்டாயம் வா என்று சொன்னதாகச் சொன்னாய். மீன் ஆலையில் உன்னோடு வேலை செய்கிறவர்கள் உனக்குக் கேக் வெட்டினார்கள் என்றும், தொலைக்காட்சியில் பார்க்கிறோம் என்று சொன்னார்கள் என்றும் சொன்னாய். எனக்கு அந்த முட்டிப் பேச்சுதான் நினைவுக்கு வந்தது. மறுநாள் ஹார்லனைப் பார்க்கப் போனேன். சும்மா போய்ப் பேச எனக்குத் தைரியம் வராததால் கடைவாய்ப்பல் ஆடுகிறது என்று நேரம் வாங்கிக்கொண்டு போனேன், அது என் முட்டாள்தனம், ஏனென்றால் நாற்காலியைச் சாய்த்து என் வாயில் பஞ்சை அடைத்துவிட்டுத்தான் அவர் பேசவே ஆரம்பித்தார். உன்னுடைய ஆளுயரச் சிலை எதுவும் இல்லை, ராய்ஸ். மாபினுடைய சிலைக்கு மேலிருக்கும் துணியை நீ உன் கையால் இழுக்க வேண்டும். பிறகு உனக்கு ஒரு பலகையில் பதித்த வெண்கல முழங்கால் கொடுப்பார்கள். வார்த்துப் பளபளப்பும் ஏற்றியாகிவிட்டது, அறுவைத் தழும்பைக்கூட விடாமல் செதுக்கியிருக்கிறார்களாம். "நாப்பதாயிரம் பேர் ஒரே நேரத்துல கனைப்பான் வாத்தியாரே, ராய்ஸும் சிரிச்சிடுவான் பாருங்க, அவன் விளையாட்டுக்காரன்தானே" என்றார். நான் பஞ்சோடு என்னவோ உளறினேன். "கணக்கு நீங்க போட்டதுதானே, நாங்களா போட்டோம்? கணக்குப் பொய் சொல்லாதுன்னு என்னைப் பெஞ்சு மேல ஏத்தினவர் நீங்கதானே?" என்று கேட்டுக்கொண்டே ஊசியைப் போட்டார்.

வெளியே வந்தால் மாபின் தன் டிராக்டர் கடை வாசலில் நின்றிருந்தான். அவனிடமாவது சொல்லலாம் என்று போனேன், வாய் மரத்திருந்ததால் எச்சில் ஒழுக ஒழுகச் சொன்னேன். அவன் கைக்குட்டை எடுத்துக் கொடுத்து, "இதுல கேலியே இல்ல வாத்தியாரே, சத்தியமாச் சொல்றேன். அவன் முட்டி போகலன்னா நான் அந்த பெஞ்ச தேய்ச்சிட்டே படிப்ப முடிச்சிருப்பேன். அவனுக்கு நான் நன்றி சொல்ல வேண்டாமா? அந்த வெண்கலத்துக்குப் பணம் குடுத்ததே நான்தான்" என்றான். அவன் கெட்டவன் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். படிக்கப்படாத அந்த அட்டையை எடுத்துவைத்துக்கொண்டு நேற்று மறுபடி உட்கார்ந்தேன். எதிரணிகளின் பலவீனத்தைக் கழித்தேன், திரும்பி வந்த தடுப்பாட்டக்காரர் இருவரின் பங்கைக் கழித்தேன், மழையில் ஆடிய ஆட்டங்களைத் தனியே எடுத்து வைத்தேன். உனக்குச் சாதகமாக எங்கெல்லாம் நியாயமாகக் கழிக்கலாமோ அங்கெல்லாம் கழித்தேன். முதலில் போட்ட கணக்கில் எனக்கே நம்பிக்கையில்லாமல் வேறு வழியிலும் போட்டுப் பார்த்தேன். ராய்ஸ், நீ முதல் இல்லை. வித்தியாசம் நன்றாகச் சுருங்கிவிட்டது, ஆட்டத்துக்கு மூன்று புள்ளி, கம்பங்களுக்கு நடுவே பந்தை ஒருமுறை உதைத்தால் கிடைப்பது, அவ்வளவுதான், ஆனால் அது மாபின் பக்கம்தான் நிற்கிறது. காரணமும் தெரிகிறது. நீ எப்போதும் தூரத்தைப் பார்த்தாய். நீ எறிந்த பந்து போகும்போது எதிரணி ஆட்களே நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன், அப்படிப் பார்த்தவர்களில் ஒருவன் அடிக்கடி அதைப் பிடித்தும்விடுவான். மாபினுக்கு எறியத் தெரியாது. தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். பந்தை ஓடுகிறவன் வயிற்றில் திணித்துவிட்டு விலகிக்கொண்டான், பந்து எதிரிக்குப் போகவில்லை. என் கணக்கில் பிழை இருக்கலாம், இருக்க வேண்டும் என்று தேடினேன், கிடைக்கவில்லை. பொய் சொல்லியிருந்தால் நீ சந்தோஷமாக விமானம் ஏறியிருப்பாய், மைதான நடுவில் அத்தனை பேர் முன்னால் தெரிந்துகொண்டிருப்பாய். அதைவிட இந்தக் காகிதத்தில் தனியாகத் தெரிந்துகொள்வது மேல் என்று நினைத்தேன். இதிலும் நான் தவறாக இருக்கலாம்.

எடுத்துவிட்டுப் பார்க்கும் இந்த முறையை ஒருநாள் சாப்பாட்டின்போது உன் அம்மாவிடம் விளக்கினேன். அவள், "ஏங்க, நம்ம வீட்டுக்கு அப்படிப் போட்டுப் பாத்திருக்கீங்களா, பிள்ளை இருந்தப்போ, இல்லாதப்போன்னு?" என்று கேட்டாள். போட்டதில்லை என்றேன். இனியும் போடமாட்டேன்.

சிலைத் துணியை நீ இழுக்க வேண்டாம். வராதே. டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு வா, அப்போது மைதானம் பூட்டியிருக்கும், பிக்கான் டப்பாவும் இங்கேதான் இருக்கும். ஆலைக்காரர்களிடம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள், அது அப்படியொன்றும் பொய்யில்லை. திங்கட்கிழமை அந்தப் பஞ்சை எடுத்த பிறகு நான் ஹார்லனிடம் கேட்ட ஒரே கேள்வி, ராய்ஸ் வராவிட்டால் அந்த முழங்காலை என்ன செய்வீர்கள் என்பது. "சலூன் சுவத்துல மாட்டிடுவோம். முடிவெட்ட வர்றவன் எல்லாம் ராசிக்கு ஒரு தடவு தடவிட்டுப் போகட்டும்" என்றார். அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அப்படியானால் அவனுக்குப் பதிலாக நான் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஹார்லன் கையிலிருந்த பல் பார்க்கும் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "நீங்களா? வகுப்புல இன்ஸ்பெக்டர் வந்தாலே சாக்பீஸக் கீழ போடுறவர் நீங்க. நடு மைதானம் வரைக்கும் நடப்பீங்களா வாத்தியாரே?" என்று சிரித்தார், பிறகு யோசித்து, அது இன்னும் நன்றாக இருக்கும், ஜனம் இன்னும் ரசிக்கும் என்று ஒத்துக்கொண்டார். எனவே நடப்பேன். அவர்கள் கனைப்பார்கள், கேட்டுக்கொள்வேன். அட்டையைப் படிக்க மாட்டேன், அதில் உனக்கு உதவுகிற மாதிரி ஒன்றும் இல்லை. வாங்கிக்கொண்டு திரும்பி நடந்து வருவேன், கீழே போடாமல் கொண்டுவந்தால் போதும். உன் அம்மா கண்ணில் படாத இடமாக ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

கடவுள் உன்னை நோயில்லாமல் வைக்கட்டும், உன் ஆலையும் உன் உறக்கமும் நன்றாக இருக்கட்டும் என்று அம்மாவும் நானும் எப்போதும் வேண்டிக்கொள்கிறோம். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்திருக்கும் என்று தெரிந்த பிறகு அம்மாவிடம் சொல்வேன், அவள் அழுது முடித்ததும் உன்னைக் கூப்பிடுவாள், எடுத்துப் பேசு. மறந்துவிடாதே, அங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டது என்று செய்தியில் பார்த்தேன், வேலைக்குப் போகும்போது முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொண்டு போ.

இப்படிக்கு,
உன் அப்பா,
எல்வுட் ஹாப்குட்