தங்கள் பெஞ்சில் நான் தூங்கிக்கொண்டிருந்தது குறித்து

அனுப்புநர்:
‘காயின்காரர்’ என்று தெருவாரால் அழைக்கப்படுபவர்,
முன்னாள் நெட் சென்டர் உரிமையாளர், இந்நாள் மருந்துக்கடை விற்பனையாளர்,
மாடிப்படிக்குக் கீழ் வீடு (வாடகை).

பெறுநர்:
உயர்திரு வருவாய் அலுவலர் அவர்கள்,
வருமானச் சான்றிதழ்ப் பிரிவு.

பொருள்: வருமானச் சான்றிதழ் மறுக்கப்பட்டது – என்னிடம் இல்லாத மின்னணு நாணயம் என்னிடம் இருப்பதாகக் கருதப்பட்டது – கடந்த வியாழக்கிழமை தங்கள் காத்திருப்பு அறையில் நான் இருந்ததைக் காட்டும் கேமரா பதிவை அழியாமல் காத்து, சான்றிதழ் வழங்க வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலக நிராகரிப்புக் குறிப்பு.
2. மொட்டைக் கடிதம் ஒன்று (எனக்குக் காட்டப்படவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. என் மகளுக்குச் செவிலியர் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. மருந்துக்கடைச் சம்பளத்தில் அந்தக் கட்டணம் எனக்குக் கட்டுப்படியாகாது. கட்டணச் சலுகை பெறத் தங்கள் அலுவலகத்தின் வருமானச் சான்றிதழ் தேவை என்பதால் விண்ணப்பித்தேன். ‘மனுதாரர் வசம் பெருமதிப்புள்ள மின்னணு நாணயம் இருப்பதாகத் தெரியவருவதால் நிராகரிக்கப்படுகிறது’ என்று திரும்பி வந்தது. எப்படித் தெரியவந்தது என்று விசாரித்தபோது, மொட்டைக் கடிதம் வந்திருப்பதாக எழுத்தர் அம்மா தெரிவித்தார். எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியும். நாளைக்கு அவர் முகத்திலும் முழிக்க வேண்டியிருப்பதால், அவர் என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர் என்பதற்கு மேல் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

2. உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். என்னிடம் அந்த நாணயம் ஒரு காலத்தில் இருந்தது. அது சீந்துவாரின்றிக் கிடந்த நாட்களில், நான் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே நெட் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். ஆள் வராத நேரத்தில் கம்ப்யூட்டர்கள் சும்மா இருக்கும். சும்மா இருக்கும் கம்ப்யூட்டரைக் கணக்குப் போட விட்டால் அது நாணயம் சம்பாதித்துத் தரும் என்று இணையத்தில் ஒரு கூட்டத்தார் பேசிக்கொண்டிருந்ததைப் படித்தேன். எனக்கும் ஆசை வந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு நாணயம் இலவசம் என்று பலகையில் எழுதி வைத்தேன். “அதுக்குப் பதிலா ஒரு பிரின்ட் அவுட் ஃப்ரீயா குடுங்கண்ணே” என்றார்கள். கரண்ட் பில் வந்த அன்று என் மனைவி, “சும்மா கெடக்குற சங்க ஏன் ஊதிக் கெடுக்குறீங்க?” என்று கேட்டார்.

3. அப்போது என் மகள் நடை பழகிய குழந்தை. மனைவிக்கு மணிக்கட்டு வீங்கி, இனி துணி பிழியக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையில் காசு இல்லை, நாணயம் மட்டும் இருந்தது. அதே இணையக் கூட்டத்தில், வாஷிங் மெஷின் ஒன்றுக்கு ஈடாக என் நாணயம் முழுவதையும் தருகிறேன் என்று எழுதிப் போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். ‘நத்தை’ என்ற புனைபெயரில் எழுதுபவர் ஒருவர் மட்டும் சம்மதித்தார். அவர் எந்த ஊர்க்காரர், ஆணா பெண்ணா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் ஊர்க் கடைக்கு இணையம் வழியாகத் தன் கார்டில் பணம் கட்டி மெஷினை வீட்டுக்கே அனுப்பி வைத்தார். நான் சொன்ன வாக்குப்படி நாணயத்தை, வங்கிக் கணக்கு எண் போன்ற அவருடைய இணைய முகவரிக்கு அனுப்பினேன். ‘இதை ரொம்ப நாள் தொடாமல் வைத்திருக்கப் போகிறேன்’ என்று எழுதினார். நல்லது என்று பதில் போட்டேன். அன்று என் மனைவி முகத்தில் பார்த்த சந்தோஷத்துக்கு நான் கொடுத்த விலை அதிகம் என்று எனக்கு இப்போதும் தோன்றவில்லை.

மெஷின் வாங்கிய பில்லை இணைத்துள்ளேன். பார்ப்பதற்கு வெள்ளைத் தாளாகத் தெரிவதுதான் பில். மை மங்கிவிட்டது.

4. இனி வில்லங்கத்துக்கு வருகிறேன். இந்த நாணயத்தின் வரவு செலவு கண்ணாடி அலமாரிக்குள் இருப்பது போன்றது. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு போனது என்று உலகத்தில் யாரும் எப்போதும் பார்த்துக்கொள்ளலாம். அலமாரியின் சாவி, அதாவது நாணயத்தை எடுக்கும் ரகசிய எண், யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் யாராலும் பார்க்க முடியாது. என்னிடமிருந்து புறப்பட்ட நாணயம் நத்தையின் முகவரிக்குப் போய்ச் சேர்ந்தது. சொன்ன சொல் தவறாத மனிதர், அதன்பின் அதைத் தொடவே இல்லை. வருடக்கணக்கில் அப்படியே கிடந்தது. இதற்கிடையில் அதன் விலை ஏறி, எங்கள் தெருவையே வளைத்துப் போடலாம் என்ற அளவுக்கு வந்துவிட்டது. இவ்வளவையும் ஒரு மனிதன் தொடாமல் வைத்திருப்பானா, அது இவனுடைய இன்னொரு முகவரிதான், பதுக்கி வைத்திருக்கிறான் என்று பேச்சு கிளம்பியது. வெறும் வாயை மெல்பவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது.

5. சாவி என்னிடம் இருந்தால், இருக்கிறது என்று காட்ட ஒரு நிமிடம் போதும். இல்லை என்று எப்படிக் காட்டுவது? பல வருடங்களாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இல்லாத ஒன்றை எடுத்து எவர் கையில் வைக்க முடியும்? நத்தையின் பழைய மின்னஞ்சலுக்கு எழுதினேன், அது திரும்பி வந்துவிட்டது. அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்ட அளவு அவர் வீட்டில்கூட வேண்டியிருக்க மாட்டார்கள்.

6. இதனால் நேர்ந்தவற்றில் சிலவற்றை மட்டும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். விலை ஏறும்போது வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுகிறார். இறங்கும்போது இறக்குவதில்லை. விலை விழுந்த நாட்களில் மருந்து வாங்க வருகிறவர்கள் என் தோளைத் தட்டி, “கவலப்படாதீங்க, ஏறிடும்” என்று ஆறுதல் சொல்கிறார்கள். மாமனார், என்னை அழைத்து உட்காரவைத்து, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற மாப்பிள்ளை என்று நாலு பேர் முன்னால் சொன்னார். மாடி வீட்டு எலக்ட்ரீஷியன், அந்த முகவரியில் நாணயம் அசைந்தால் உடனே மணியடிக்கும்படி தன் ஃபோனில் ஒரு செயலி வைத்திருக்கிறார். கேட்டால், “ஒங்க நல்லதுக்குத்தாண்ணே” என்கிறார். எங்கள் மெஷினைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள். அதன் மூடி உடைந்து, மேலே ஒரு பலகையைப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

7. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பது எனக்குத் தெரியும். அதைப் பொறுத்துக்கொண்டேன். என் மனைவியும் என்னை நம்பவில்லை என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவர் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு ஒரு தெம்பு இருந்திருக்கும். ஒரு நாள் துணி காயப்போட்டுக்கொண்டே, “எங்கிட்டயாவது சொல்லிடுங்க, நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்” என்றார். இல்லை என்றேன். “சரி” என்றார். அதற்குப் பிறகு மெஷின் மூடியை மாற்றலாம் என்று நான் பேச்செடுத்தபோதெல்லாம், “இருக்கறவங்க மெஷினையே மாத்தலாம்” என்பார். மகளுக்கு இடம் கிடைத்த செய்தி வந்த அன்று, சந்தோஷப்படுவதற்குப் பதில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளைக்காகக்கூட எடுக்கமாட்டாயா என்று அந்தப் பார்வை கேட்டது. ஐயா, இல்லாதவன் பட்ட அவமானத்தைவிட, இருந்தும் கொடுக்காதவன் என்ற பெயர் கொடியது. அந்தப் பெயர் எனக்கு என் வீட்டிலேயே இருந்தது.

8. கடந்த வியாழக்கிழமை, நிராகரிப்பை மறுபரிசீலனை செய்யக் கோரி நேரில் ஆஜரானேன். தங்கள் அலுவலக விதிப்படி ஃபோனை வாசல் காவலரிடம் ஒப்படைத்து, மஞ்சள் நிற பிளாஸ்டிக் வில்லை ஒன்றைப் பெற்றுக்கொண்டேன். உள்ளே காத்திருப்போருக்கான வரிசை எண்ணும் கொடுத்தார்கள். ஜன்னல் ஓரப் பெஞ்சில், கேமராவுக்கு நேர் எதிரே இடம் கிடைத்தது. தாங்கள் கள ஆய்வுக்குச் சென்றிருப்பதாகவும், எப்போது திரும்புவீர்கள் என்று சொல்ல முடியாது என்றும் தெரிவித்தார்கள். உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் கடையில் சரக்கு இறக்கிய அலுப்பு. தூங்கிவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் நத்தை, அத்தனை வருடம் தொடாமல் வைத்திருந்த நாணயம் முழுவதையும் வேறொரு முகவரிக்கு அனுப்பியிருக்கிறார்.

9. எலக்ட்ரீஷியன் ஃபோனில் மணி அடித்திருக்கிறது. அவர் மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்து, “அக்கா, காயின் கெளம்பிருச்சு. அண்ணன் எங்க?” என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறார். என் ஃபோன் எடுக்கப்படவில்லை. எடுக்கப்படாதது ஏன் என்பது தங்கள் வாசல் காவலருக்குத் தெரியும், என் மனைவிக்குத் தெரியாது. ஓடிக்கொண்டிருந்த மெஷினை அப்படியே விட்டுவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே அவர் பஸ் ஏறியிருக்கிறார். நான் நாணயத்தை எடுத்துக்கொண்டு கம்பி நீட்டிவிட்டேன் என்றுதான் நினைத்ததாகப் பிற்பாடு ஒளிக்காமல் சொன்னார். அலுவலகத்துக்குப் போகிறேன் என்று நான் சொன்னது பொய்யென்று உறுதி செய்துகொள்ளத்தான் தங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார்.

10. நான் கண் விழித்தபோது பக்கத்தில் என் மனைவி உட்கார்ந்திருந்தார். மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறி எழுந்தேன். “ஒண்ணுமில்ல, உக்காருங்க” என்றார். பிறகு, “ஃபோன் எங்க?” என்று கேட்டார். மஞ்சள் வில்லையைக் காட்டினேன். அதை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். “எப்ப குடுத்தீங்க?” “காலைல வந்த உடனே.” அவர் வில்லையைத் திருப்பித் தரவில்லை, உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டார். “வரிச நம்பர் கூப்புடுற வரைக்கும் இருப்போம்” என்றார். நடந்தது என்னவென்று அதற்குப் பிறகுதான் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அரசு அலுவலகத்தில் அழுவது முறையல்ல என்பதால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று எங்கள் எண்ணைக் கடைசிவரை கூப்பிடவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தாங்கள் இருக்கையில் இருந்து, என்னை உடனே அழைத்து விசாரித்து அனுப்பியிருந்தால், அந்த நேரம் கையில் ஃபோனோடு தெருவில் நடந்துகொண்டிருப்பேன். என் கதை அதோடு முடிந்திருக்கும். இந்தத் தாமதத்துக்காகத் தங்களுக்கு மனப்பூர்வமான நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

11. நாணயத்தை அனுப்ப ஃபோனோ கம்ப்யூட்டரோ வேண்டும், இரண்டும் இல்லாமல் நான் பெஞ்சில் இருந்தேன் என்பது முழுமையான நிரூபணம் ஆகாது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். சாவியை வேறொருவரிடம் கொடுத்து அனுப்பச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பார்கள். என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர் ஏற்கெனவே கேட்டுவிட்டார். பனைமரத்தடியில் நின்று பால் குடித்தவன் கதைதான் என்னுடையது. ஆனால் அப்படிக் கோடிகளை நம்பி ஒப்படைக்க எனக்கு யார் இருந்தார்கள் என்று தாங்கள் தயவுசெய்து யோசிக்க வேண்டும். கட்டிய மனைவியே நம்பாதிருந்தவனுக்கு ஊரில் கூட்டாளி எங்கிருந்து வருவான்?

12. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது:

(அ) காத்திருப்பு அறைக் கேமராவின் பதிவு, இடம் போதாமல் பழையது தானாக அழிந்துவிடும் என்று காவலர் சொன்னார். வியாழக்கிழமைப் பதிவு அழியும் முன் அதை எடுத்து வைக்க உத்தரவிட வேண்டும்.

(ஆ) அந்தப் பதிவையும், ஃபோன் ஒப்படைத்த நேரத்தையும் கருத்தில் கொண்டு, இந்த மாதக் கடைசிக்குள் வருமானச் சான்றிதழ் வழங்க வேண்டும். அதற்கு மேல் போனால் என் மகளின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அவள் ‘பரவாயில்லப்பா’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் அப்படிச் சொல்வதை என்னால் கேட்க முடியவில்லை.

(இ) என்னிடம் நாணயம் இல்லை என்று சான்றளிக்கத் தங்கள் சட்டத்தில் வழியில்லாமல் இருக்கலாம். அப்படியானால், குறிப்பிட்ட நேரத்தில் இவர் எங்கள் பெஞ்சில் இருந்தார் என்று ஒரு வரி மட்டும் எழுதி முத்திரையிட்டுத் தந்தால் போதும். வாடகை ஏற்றும் வீட்டுக்காரருக்கும் மாமனாருக்கும் காட்டிக்கொள்வேன்.

13. மேற்படி மஞ்சள் வில்லை அன்று திருப்பித் தரப்படவில்லை. வாசல் காவலர், என் முகம் நினைவிருந்ததால் ஃபோனைக் கொடுத்துவிட்டார். வில்லை என் மனைவியிடம் இருக்கிறது. தர மறுக்கிறார். அதற்குரிய அபராதத்தைக் கட்டத் தயாராக இருக்கிறேன்.

14. இந்த மனுவைக் கையெழுத்திடும் முன் என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். ஏழாவது பத்தியை வேண்டுமானால் அடித்துவிடுகிறேன் என்றேன். “இருக்கட்டும், நடந்ததுதான” என்றார். சாட்சியாகத் தானும் ஒரு வார்த்தை எழுத வேண்டும் என்று கேட்டதால் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

என்னை நம்ப வேண்டும் என்று தங்களைக் கேட்கவில்லை ஐயா. தங்கள் கேமரா பார்த்ததை மட்டும் தாங்களும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: தங்கள் அலுவலகம், அதே ஜன்னல் ஓரப் பெஞ்சு
நாள்: மேற்படி வியாழனுக்கு அடுத்த திங்கள்

இப்படிக்கு,
காயின்காரர் (காயின் இல்லாதவர்)
(ஒப்பம்)

இணைப்பு: 1. மை மங்கிய பில். 2. மகளின் சேர்க்கைக் கடித நகல். 3. வாஷிங் மெஷினின் புகைப்படம், மூடியுடன் உள்ள பழையது.

சாட்சி: மனுதாரரின் மனைவி (அவர் கைப்பட எழுதியது)

அய்யா, நான் இவரைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வந்தேன். வாயைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். சட்டையில் பட்டன் ஒன்று இல்லை. கோடி கையில் வைத்திருக்கிறவர் தூங்குகிற தூக்கம் அது இல்லை அய்யா. எழுப்ப மனசு வரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.
(ஒப்பம்)